உலகச் சுகாதார இதழியல் படிப்பு: சேரலாமா?

அறிவியல் மாணவர்களுக்கு இதழியல் சொல்லித்தரும் இணையவழிச் சான்றிதழ் படிப்பு ஒன்றை அண்மையில் முடித்தேன். காசநோய், மலேரியா, எபோலா, தடுப்பூசி, தாய்சேய் நலம் என்று உலகச் சுகாதாரத்தில் நடக்கும் ஆய்வுகளை, அவை யாருக்காக நடத்தப்படுகின்றனவோ அந்த மக்களே படித்துப் புரிந்துகொள்ளும்படி எழுதப் பழக்குவதே நோக்கம் என்று அறிமுகத்தில் சொல்லியிருந்தார்கள். சேரலாமா என்று என்னிடம் கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: தாராளமாகச் சேருங்கள். ஆனால் சொன்ன நோக்கத்தில் பாதி தூரம்தான் இந்தப் படிப்பு உங்களைக் கூட்டிப்போகும். எந்தப் பாதி, ஏன் அங்கே நின்றுவிடுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நடத்தும் நிறுவனத்தின் பெயரை நான் சொல்லவில்லை. வகுப்பு சிறியது. குறைகளையும் எழுதப்போவதால், பெயரைச் சொன்னால் ஆசிரியர் யார், உடன் படித்தவர்கள் யார் என்பதெல்லாம் வெளியே தெரிந்துவிடும். தவிர, இதே பாணியில் வேறு பல இடங்களிலும் படிப்புகள் வந்துவிட்டன. எதில் சேர்ந்தாலும் நீங்கள் கவனிக்க வேண்டியவை ஏறக்குறைய இவைதான்.

நான் நுண்ணுயிரியல் படித்தவள். காசநோய் ஆய்வகத்தில் வேலை பார்த்தேன். சளி மாதிரியில் சாயம் ஏற்றி, நீலப் பின்னணியில் சிவப்புக் குச்சிகளாகத் தெரியும் கிருமிகளை மைக்ரோஸ்கோப்பில் தேடிய காலமும் உண்டு. கிருமியின் மரபணுவைத் தேடும் ஜீன்எக்ஸ்பெர்ட் கருவியில் கார்ட்ரிட்ஜைச் செருகிவிட்டு இரண்டு மணி நேரத்தில் முடிவை எழுதிய காலமும் உண்டு. நான் எழுதும் அந்த ஒற்றை வரியை வைத்துத்தான் யாரோ ஒருவர் ஆறு மாதம் மாத்திரை சாப்பிடப்போகிறார். அந்தத் தாளைக் கையில் வாங்கியபோது அவருக்கு என்ன புரிந்தது என்பது எனக்கு ஒருபோதும் தெரிய வந்ததில்லை. அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற தவிப்புதான் என்னை இந்தப் படிப்புக்குக் கொண்டுவந்தது. ஆகவே இந்த மதிப்பீட்டில் என் அளவுகோலும் அதுதான்: எழுதியதைப் படித்தவருக்கு என்ன புரிந்தது என்று கண்டுபிடிக்க இந்தப் படிப்பு கற்றுத்தருகிறதா?

வகுப்பில் பாதிப்பேர் என்னைப் போல ஆய்வகத்திலிருந்தோ மருத்துவமனையிலிருந்தோ வந்தவர்கள். மீதிப்பேர் இதழியல் மாணவர்கள். இரு தரப்பையும் கலந்து இணை இணையாகப் பிரித்துவிட்டார்கள். எனக்கு இணையாக வந்தவர் புள்ளியியல் படித்துவிட்டு இதழியலுக்கு வந்த இளைஞர். தொடக்க வாரங்களில் செய்தி என்றால் என்ன, முதல் பத்தியில் எது வர வேண்டும், யாரை மேற்கோள் காட்டலாம் என்கிற அடிப்படைகள். இவை எந்த இதழியல் பாடத்திலும் கிடைப்பவை. குறை சொல்லவும் இல்லை, வியக்கவும் இல்லை.

படிப்பு சூடுபிடிப்பது எண்களைப் பற்றிய பகுதியில். பாடம் 1995 அக்டோபரில் பிரிட்டனில் நடந்த சம்பவத்தோடு தொடங்கியது. மருந்துப் பாதுகாப்புக் குழு ஒன்று, புதிய வகைக் கருத்தடை மாத்திரைகளால் இரத்தக்கட்டி உண்டாகும் ஆபத்து இரு மடங்காகிறது என்று எச்சரித்தது. செய்திகளும் அப்படியே 'இரு மடங்கு' என்று எழுதின. அது பொய்யில்லை. 7,000 பெண்களில் ஒருவருக்கு இருந்த ஆபத்து, 7,000 பெண்களில் இருவருக்கு என்று ஆகியிருந்தது. ஆனால் அந்த 7,000 பெரும்பாலான செய்திகளில் எடுபடவே இல்லை. பயந்துபோன பெண்கள் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கூடுதலாகச் சுமார் 13,000 கருக்கலைப்புகள் நடந்ததாக மதிப்பிடப்பட்டிருக்கிறது. கர்ப்பகாலத்தில் இரத்தக்கட்டி வரும் ஆபத்து அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் மனதை மிகவும் வருத்தும் பகுதி.

இதைச் சொன்னதோடு ஆசிரியர் நின்றுவிடவில்லை. அன்றைய எச்சரிக்கையில் இருந்த தகவலை மட்டும் வைத்து, ஒரு பெண் இன்று மாலை மாத்திரையைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று முடிவெடுக்க உதவும் ஒரே பத்தியை எழுதச் சொன்னார். பார்க்க எளிது. எழுதிப் பார்த்தால்தான் தெரியும், எத்தனை தகவலைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று: எத்தனை பேரில் எத்தனை பேர், எவ்வளவு காலத்தில், மாத்திரையை நிறுத்தினால் எதிர்ப்பக்கம் என்ன ஆபத்து, யாரிடம் போய்க் கேட்க வேண்டும். அறிவியல் மாணவர்களான எங்களுக்கு எண்களில் பயமில்லை. ஆனால் அந்த எண்ணை வைத்து முடிவெடுக்கப்போகும் ஆளைக் கண்முன் நிறுத்திக்கொண்டு எழுதிய பழக்கம் எங்களில் யாருக்கும் இல்லை. இந்தப் பயிற்சி ஒன்றுக்காகவே படிப்பில் சேரலாம் என்பேன்.

அதே வாரத்தில் எதிர்த் திசையிலிருந்தும் ஒரு பயிற்சி. ஆர்டிஎஸ்,எஸ் என்ற மலேரியா தடுப்பூசியின் ஆய்வு முடிவுகளைக் கொடுத்தார்கள். நான்கு தவணை போட்ட குழந்தைகளிடம் நான்கு ஆண்டுகளில் பத்து மலேரியா நிகழ்வுகளில் ஏறக்குறைய நான்கைத் தடுத்தது. 'பாதிகூடப் பலிக்காத தடுப்பூசி' என்று எழுதலாமா? எழுதினால் எண் பிழையில்லை. ஆனால் 2023இல் மட்டும் மலேரியாவால் உலகில் சுமார் 5,97,000 பேர் இறந்தார்கள் என்றும், அவர்களில் பெரும்பாலானோர் ஆப்பிரிக்காவில் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள் என்றும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அதே எண் வேறு முகம் காட்டுகிறது. கானா, கென்யா, மலாவி மூன்று நாடுகளில் 2019 முதல் இந்தத் தடுப்பூசியை முன்னோட்டமாகக் கொடுத்துப் பார்த்ததில், தடுப்பூசிக்குரிய வயதுக் குழந்தைகளிடம், விபத்துக் காயங்கள் நீங்கலாக மற்ற எல்லாக் காரணங்களாலும் நேரும் மரணம் 13 விழுக்காடு குறைந்தது. வகுப்பில் எங்களை இரு அணிகளாகப் பிரித்து, ஒரே ஆய்வுக்கு இரண்டு தலைப்புகள் எழுதவைத்து, எந்தத் தலைப்பு ஒரு தாயை ஏமாற்றுகிறது என்று விவாதிக்க வைத்தார்கள். மிகையாகப் புகழ்ந்த தலைப்பும் ஏமாற்றும். தடுப்பூசி போட்டாயிற்று, இனிக் கொசுவலை தேவையில்லை என்று யாராவது நினைத்துவிட்டால் அதற்கு எழுதியவரும் பொறுப்பு. என் இணை இந்த இடத்தில் எழுந்து பேசியது நன்றாக இருந்தது: 'எண்ணைக் குறைத்துச் சொல்வதும் கூட்டிச் சொல்வதும் எனக்கு ஒரே குற்றம்தான்' என்றார்.

அடுத்து, மிகைப்படுத்தல் எங்கே தொடங்குகிறது என்ற பாடம். ஆய்வாளர்கள் வழக்கமாகப் பத்திரிகையாளர்களைத்தான் குறை சொல்வார்கள். ஆய்வகத்தில் நானே பலமுறை அந்தப் பேச்சைக் கேட்டிருக்கிறேன். 2014இல் பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வு அதற்கு நல்ல பதில். பிரிட்டனின் 20 பல்கலைக்கழகங்கள் 2011இல் பத்திரிகைகளுக்காக வெளியிட்ட 462 செய்திக்குறிப்புகளை எடுத்து, மூல ஆய்வுக்கட்டுரையோடும் பிறகு வந்த செய்திகளோடும் வரிக்கு வரி ஒப்பிட்டார்கள். ஆய்வு சொல்வதைத் தாண்டி மக்களுக்கு அறிவுரை சொன்ன குறிப்புகள் 40 விழுக்காடு; வெறும் தொடர்பைக் காரணமாக மாற்றிச் சொன்னவை 33 விழுக்காடு; விலங்குகளிடம் கண்டதை மனிதருக்கும் ஏற்றிச் சொன்னவை 36 விழுக்காடு. குறிப்பிலேயே மிகை இருந்தால் செய்தியிலும் பெரும்பாலும் அது இருந்தது. குறிப்பில் இல்லையென்றால் செய்தியில் வெகுவாகக் குறைந்தது. அதாவது எலியை மனிதராக்கும் வேலை பல நேரங்களில் பல்கலைக்கழகத்தின் சொந்த மக்கள்தொடர்பு அலுவலகத்திலேயே நடந்துவிடுகிறது, அதுவும் ஆய்வாளரின் ஒப்புதலோடு.

இந்த ஆய்வைப் படிக்கச் சொன்னதோடு, எங்களையும் அதே வேலையைச் செய்ய வைத்தார்கள். ஆய்வுக்கட்டுரை, செய்திக்குறிப்பு, செய்தி மூன்றையும் அருகருகே வைத்து, எந்தச் சொல் எந்த இடத்தில் நழுவியது என்று வண்ணமிட வேண்டும். 'தொடர்பு காணப்பட்டது' என்பது 'காரணமாகலாம்' ஆகி, பிறகு 'காரணம்' ஆவதைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஆய்வு எத்தனை பேரிடம் நடந்தது, மனிதரிடமா எலியிடமா, யார் பணம் கொடுத்தார்கள், சக ஆய்வாளர்கள் சரிபார்த்ததா அல்லது சரிபார்ப்புக்கு முன்பே இணையத்தில் ஏற்றப்பட்ட வரைவா என்ற கேள்விகளை மனப்பாடமாகக் கேட்கும் பழக்கம் இங்கேதான் வந்தது. மெட்ஆர்கைவ் போன்ற தளங்களில் வரும் வரைவுகளை எப்போது எழுதலாம், எப்போது தள்ளிப்போடலாம் என்பதற்குத் தனியாக ஒரு மணி நேரம் ஒதுக்கினார்கள். அது போதவில்லை, கொரோனா காலத்தில் ஏறக்குறைய எல்லாமே அப்படித்தான் வந்தன என்பதை நினைத்தால் இரண்டு வாரமாவது கொடுத்திருக்கலாம்.

சரிபார்க்கப்பட்ட கட்டுரை என்றாலே நம்பிவிடலாமா என்ற கேள்விக்கு இரண்டு உதாரணங்கள். முதலாவது எல்லோரும் அறிந்தது: தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லாவுக்கான எம்எம்ஆர் தடுப்பூசிக்கும் ஆட்டிசத்துக்கும் தவறாக முடிச்சுப்போட்டு, லான்செட் மருத்துவ இதழில் 1998இல் வந்த கட்டுரை. பன்னிரண்டே குழந்தைகள். 2004இல் பிரையன் டீர் என்ற பத்திரிகையாளர் அதன் குளறுபடிகளை அம்பலப்படுத்தத் தொடங்கினார். லான்செட் அதை முழுவதுமாகத் திரும்பப் பெற்றது 2010இல். பன்னிரண்டு ஆண்டுகள்.

இரண்டாவது எனக்கு அதிகம் பயன்பட்டது. 2020 மே 22 அன்று லான்செட்டில், கொரோனா நோயாளிகளுக்கு ஹைட்ராக்சிகுளோரோகுயின் என்ற மலேரியா மருந்தைக் கொடுத்தால் மரணம் கூடுகிறது என்று ஒரு கட்டுரை வந்தது. ஆறு கண்டங்கள், 671 மருத்துவமனைகள், ஏறக்குறைய 96,000 நோயாளிகள் என்று கணக்கு. சில நாட்களிலேயே உலக சுகாதார நிறுவனம் தன் ஆய்வில் அந்த மருந்துப் பிரிவைத் தற்காலிகமாக நிறுத்தியது. பிறகு ஆய்வாளர்களும் கார்டியன் நாளிதழும் கேள்வி எழுப்பினார்கள். ஆஸ்திரேலிய நோயாளிகள் என்று அந்தக் கட்டுரை காட்டிய மரணங்கள், அந்த நாட்டில் அந்தத் தேதிவரை பதிவான மொத்த மரணங்களையே தாண்டியிருந்தன. கட்டுரைக்குத் தரவு தந்த சர்ஜிஸ்பியர் என்ற நிறுவனம் அதைச் சரிபார்க்கக் கொடுக்க மறுத்தது. ஜூன் 4 அன்று கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பதின்மூன்றே நாட்கள்.

இதை ஆசிரியர் பாடம் நடத்திய விதம் அழகு. கதையைச் சொல்லாமல் கட்டுரையின் அட்டவணையையும், அன்றைய தேதியில் நாடுவாரியான மரணக் கணக்கையும் மட்டும் கொடுத்து, 'இதில் எங்கே இடிக்கிறது?' என்று கேட்டார். என் இணை புள்ளியியல் படித்தவர் அல்லவா, அவர் முறைமைப் பகுதியில் ஆழ்ந்துவிட்டார். இதழியல் மாணவி ஒருவர் கூட்டிக் கழித்துப் பார்த்து, 'ஒரு நாட்டில் இறந்தவர்களைவிட அந்நாட்டின் சில மருத்துவமனைகளில் இறந்தவர்கள் எப்படி அதிகமாக இருக்க முடியும்?' என்று கேட்டார். உயர்நிலைப் பள்ளிக் கணக்குதான். அதைக் கேட்கத் தோன்றுவதுதான் தொழில்.

நேர்காணல் பயிற்சியும் தரமானது. உண்மையான ஆய்வாளர் ஒருவர் திரையில் வந்து உட்கார்ந்தார். அவருடைய கட்டுரையை முன்பே படித்துவிட்டு வந்து கேள்வி கேட்க வேண்டும். 'உங்கள் கண்டுபிடிப்பு என்ன?' என்று கேட்டபோது மனப்பாடமான பதில் வந்தது. 'இந்த ஆய்வில் உங்களுக்கே நிறைவில்லாத இடம் எது?' என்று செவிலியராக வேலை பார்க்கும் தோழி கேட்டதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கட்டுரையில் ஒரு வரியாக மட்டும் இருந்த விஷயத்தைப் பத்து நிமிடம் பேசினார். பாதியிலேயே ஆய்விலிருந்து விலகிப்போன நோயாளிகளைப் பற்றி. அவர்கள் ஏன் போனார்கள் என்பதுதான் செய்தி என்று எங்கள் எல்லோருக்கும் அந்த நொடியில் பட்டது.

எழுதி முடித்த செய்தியை ஆய்வாளரிடம் காட்டலாமா என்பதில் வகுப்பே இரண்டுபட்டது. மேற்கோளையும் எண்களையும் படித்துக்காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள், முழு வரைவை அனுப்பாதீர்கள் என்பது ஆசிரியரின் விதி. ஆய்வகத்திலிருந்து வந்தவர்களுக்கு இது ஒப்பவில்லை. தவறு வந்துவிட்டால் யார் பொறுப்பு என்று வாதாடினார்கள். நான் ஆசிரியர் பக்கம். வரைவு முழுவதும் போனால் திரும்பி வரும்போது விலகிப்போன நோயாளிகள் இருந்த பத்தி மெலிந்துதான் வரும்.

படிப்பின் இதயம் என்று நான் நினைப்பது எபோலாவும் உப்புக்கரைசலும் சேர்ந்து வந்த பகுதி. மேற்கு ஆப்பிரிக்காவில் 2014 முதல் 2016 வரை நீடித்த எபோலாவில் 28,600க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள்; 11,300க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தொடக்கத்தில் ஒட்டப்பட்ட சுவரொட்டிகளும் ஒலிபரப்பப்பட்ட அறிவிப்புகளும் 'எபோலாவுக்கு மருந்து இல்லை' என்று சொல்லின. அன்றைய நிலையில் அறிவியல்படி சரிதான். கேட்ட மக்களுக்குப் புரிந்தது வேறு: மருந்தே இல்லையென்றால் சிகிச்சை மையத்துக்குப் போய் என்ன பயன், வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமே. நோயாளி வீட்டில் இருந்தால் பார்த்துக்கொள்பவருக்கும் தொற்றும். சீக்கிரம் வந்தால் நீர்ச்சத்து கொடுத்துப் பிழைக்கவைக்கும் வாய்ப்பு கூடும் என்ற செய்தி பிற்பாடுதான் முன்னுக்கு வந்தது. இறந்தவர் உடலைத் தொடாதீர்கள் என்று உத்தரவு போட்டு எடுத்துச் சென்றபோது குடும்பங்கள் எதிர்த்தன, ஒளித்தன. உறவினர் தூரத்திலிருந்து பார்க்கவும், மதத் தலைவர் பிரார்த்தனை செய்யவும் இடம் கொடுத்து, பாதுகாப்பாகவும் கண்ணியமாகவும் அடக்கம் செய்யும் முறையை 2014இன் பிற்பகுதியில் வகுத்த பிறகே ஒத்துழைப்பு கூடியது. கினியாவின் வோமே கிராமத்தில் அந்த ஆண்டு செப்டம்பரில் எபோலா விழிப்புணர்வுக்காகப் போன குழுவில் எட்டுப் பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பத்திரிகையாளர்களும் இருந்தார்கள். அதை ஆசிரியர் சொன்னபோது வகுப்பில் யாரும் பேசவில்லை. நம்பிக்கை இல்லாத இடத்தில் சரியான தகவலும் அந்நியமாகத்தான் போய்ச் சேரும்.

அதற்கு நேர்மாறான உதாரணம் வங்காளதேசம். உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசல் காலராவிலிருந்து உயிர்காக்கும் என்பதை 1971 போரின்போது எல்லையோரம் மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் கண்கூடாகக் காட்டினார். ஆனால் அதை ஒவ்வொரு வீட்டின் கைக்கும் கொண்டுபோனது பிராக் என்ற அமைப்பு. 1980 தொடங்கிப் பத்தாண்டுகளில் பெண் பணியாளர்கள் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் வீடுகளுக்குப் போய், தாய்மார்கள் முன் உட்கார்ந்து, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு கைப்பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று செய்துகாட்டினார்கள். பிறகு வேறொருவர் அதே வீடுகளில் சிலவற்றுக்குப் போவார். அந்தத் தாய் எவ்வளவு நினைவில் வைத்திருக்கிறார், கரைசலைச் சரியாகக் கலக்கிறாரா என்று பார்ப்பார். அதைப் பொறுத்துத்தான் சொல்லிக்கொடுத்தவருக்கு ஊதியம்.

இதைக் கேட்டதும் எனக்கு உடல் சிலிர்த்தது. சொன்னவரின் கூலி, கேட்டவரின் புரிதலில் கட்டப்பட்டிருக்கிறது! ஆய்வக முடிவை எழுதிய காலமெல்லாம் நான் தேடிய ஏற்பாடு இதுதான்.

வகுப்பிலும் இதை ஒரு பயிற்சியாக வைத்தார்கள். நாம் எழுதிய செய்தியைத் துறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்ல வேண்டும். படித்து முடித்ததும் தாளை வாங்கிக்கொண்டு, 'என்ன புரிந்தது, சொல்லுங்கள்' என்று கேட்டு, அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும். திருத்தவோ விளக்கவோ கூடாது. என் கட்டுரை காசநோய்ப் பரிசோதனை பற்றியது. 2023இல் உலகில் 1 கோடியே 8 லட்சம் பேருக்குக் காசநோய் வந்தது, அவர்களில் 82 லட்சம் பேர்தான் கண்டறியப்பட்டுப் பதிவானார்கள் என்று எழுதியிருந்தேன். படித்தவர் திருப்பிச் சொன்னது: 'அப்போ மத்தவங்களுக்கு நோய் இருக்குன்னு அவங்களுக்கே தெரியாதா? அவங்க எங்கே இருக்காங்க?' அவர் கேட்ட இரண்டாவது கேள்வியே என் இறுதிக் கட்டுரையின் தலைப்பாயிற்று. எந்த எடிட்டரும் அதைக் கேட்டிருக்க மாட்டார்.

எடிட்டிங் பற்றியும் சொல்ல வேண்டும். பணியில் இருக்கும் எடிட்டர் ஒருவர் ஒவ்வொரு வரைவையும் வரி வரியாகப் பார்த்து அனுப்பினார். ஓரத்தில் அவர் எழுதும் குறிப்புகள் சுருக்கமானவை: 'யார் சொன்னது?', 'எத்தனை பேரில்?', 'இந்தப் பத்தியில் நோயாளி எங்கே?'. சிலசமயம் ஒரு முழுப் பத்திக்கு அவர் போட்டது ஒரே கோடுதான். அந்தப் பத்தி போக வேண்டும் என்று அர்த்தம். இவ்வளவு நேரம் செலவழித்து மாணவர் எழுத்தைத் திருத்துகிறவர்கள் அரிது. படிப்பில் இதற்கு இணையான பகுதி வேறில்லை.

இனிக் குறைகள். பெரிய குறை இறுதி மதிப்பீடு. திருப்பிச் சொல்லும் பயிற்சியை அவ்வளவு அருமையாக நடத்திவிட்டு, சான்றிதழுக்கான கட்டுரையை மதிப்பிடும்போது அதை முழுவதுமாகக் கைவிட்டுவிடுகிறார்கள். ஒரு விஞ்ஞானியும் ஒரு எடிட்டரும் படிக்கிறார்கள். துல்லியம், அமைப்பு, மேற்கோள், நடை என்று மதிப்பெண். படித்த பொதுவாசகருக்கு என்ன போய்ச் சேர்ந்தது என்பதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பிராக் பணியாளரின் ஊதிய முறையைப் பாராட்டிப் பாடம் நடத்தியவர்கள், தங்கள் மதிப்பெண் பட்டியலில் அதற்கு இடம் வைக்காதது எனக்கு உண்மையிலேயே வருத்தம். எது மதிப்பெண் பெறுகிறதோ அதைத்தான் மாணவர் பழகுவார். கடைசி மாதத்தில் நாங்கள் எல்லோரும் மெல்ல மெல்ல மதிப்பீட்டாளருக்காக எழுதத் தொடங்கியதை நானே பார்த்தேன். கட்டுரைகள் மெருகேறின, வெளியாட்களிடம் யாரும் கொடுத்துப் படிக்கச் சொல்லவில்லை.

இரண்டாவது குறை இதன் பிள்ளை. எல்லாக் கட்டுரைகளும் ஆங்கிலத்தில்தான். உலகச் சுகாதாரம் என்று பெயர் வைத்துக்கொண்டு, அந்த நோய்களோடு வாழும் பெரும்பாலான மக்கள் படிக்காத மொழியில் மட்டும் எழுதப் பழக்கினால் திருப்பிச் சொல்லும் பயிற்சியை யாரிடம் போய்ச் செய்வது? நான் என் கட்டுரையைத் தமிழிலும் எழுதி, தமிழ் மட்டும் படிக்கும் ஒருவரிடம் கொடுத்துத்தான் அந்தக் கேள்விகளைப் பெற்றேன். அந்தத் தமிழ் வரைவை எடிட்டர் பார்க்க வழியில்லை. வகுப்பில் சுவாஹிலி, போர்த்துகீசியம், வங்காளம் பேசுபவர்கள் இருந்தார்கள்; எல்லோருக்கும் இதே நிலை. ஒவ்வொரு மொழிக்கும் ஒரு எடிட்டரைக் கொண்டுவருவது கடினம் என்று புரிகிறது. ஒரே மொழி பேசும் மாணவர்களை இணையாக்கி ஒருவர் வரைவை மற்றவர் திருத்தச் சொல்லியிருக்கலாம். அதற்குச் செலவே இல்லை.

மேற்கோள் காட்டலாம் என்று கொடுத்த நிபுணர் பட்டியலும் ஏமாற்றம். ஜெனீவா, லண்டன், பால்டிமோர் என்றே போயிற்று. மலேரியாவைப் பற்றி எழுதும்போது மலேரியா இருக்கும் நாட்டில் ஆய்வு செய்பவரின் எண் நம் கையில் இருக்க வேண்டாமா? செவிலியர் தோழி சமூகச் சுகாதாரப் பணியாளர்களையும் பட்டியலில் சேர்க்கச் சொல்லி எழுதினார். சேர்த்தார்கள், பாராட்ட வேண்டும். ஆனால் மாணவர் கேட்டுத்தான் நடந்தது.

ஒலி, காணொளிப் பகுதி பெயருக்கு. படங்களுக்கும் நோயாளியின் சம்மதத்துக்குமான வகுப்பு நல்லது, சுருக்கம்தான். கட்டுரையைப் பத்திரிகைக்கு எப்படி முன்மொழிவது, மறுத்தால் என்ன செய்வது என்பதைக் கடைசி நாளில் அவசரமாக முடித்துவிட்டார்கள்.

யாருக்குப் பொருந்தும்? ஆய்வகத்திலோ மருத்துவமனையிலோ பொதுச் சுகாதாரத் துறையிலோ இருந்துகொண்டு, தங்கள் வேலையை வெளியே சொல்லத் தெரியாமல் தவிப்பவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் நான் பார்க்கவில்லை. முழுநேரப் பத்திரிகையாளராக விரும்புபவர்களுக்கு எண்கள் பற்றிய பகுதியும் ஆய்வுக்கட்டுரையை வாசிக்கும் பகுதியும் மட்டுமே புதிதாக இருக்கும். ஆனால் அந்த இரண்டும் போதுமான காரணம். வாரத்தில் இரண்டு மாலைகளாவது ஒதுக்க முடியாதவர்கள் தள்ளிப்போடுங்கள். வரைவுகள் திரும்பத் திரும்ப வரும், அதில்தான் கற்றலே.

படிப்பு முடிந்ததும் கருத்துப் படிவத்தில் இரண்டு விஷயங்களைக் கேட்டிருக்கிறேன்: இறுதி மதிப்பெண்ணில் ஒரு பங்கு, துறைக்கு வெளியே உள்ள வாசகர் திருப்பிச் சொன்னதற்கு, ஒரு கட்டுரையாவது தாய்மொழியில். ஒருங்கிணைப்பாளர் முதலாவதை அடுத்த அணியில் முயன்று பார்ப்பதாகவும், இரண்டாவதை யோசிப்பதாகவும் பதில் எழுதினார். சேர நினைப்பவர்கள் விண்ணப்பிக்கும்போதே இந்த இரண்டையும் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் 'யோசிப்பது' வேகமாக நடக்கும். அதுவரை, உங்கள் மொழி பேசும் ஒருவரை வகுப்பிலேயே தேடிப்பிடித்து, முதல் வாரத்திலிருந்தே ஒருவர் வரைவை மற்றவர் படித்துத் திருப்பிச் சொல்வதாக ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அனுமதி எதுவும் வாங்க வேண்டியதில்லை.